மண் விடும் மூச்சு

கெட்டிக்காரக் குட்டியே, இன்றைக்கு ஒரு கேள்வியோடு தொடங்கலாமா?

மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. பாடப்புத்தகத்தில் கார்பன் டை ஆக்சைடு என்று போட்டிருப்பார்களே, அதுதான். இது உனக்குத் தெரியும். சரி, அந்த மரம் வேர் விட்டு நிற்கிறதே, அந்த மண்? அது என்ன செய்கிறது?

வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பார். "மண் என்ன செய்யும், சும்மாதான் கிடக்கும்" என்பார்கள். இல்லவே இல்லை. இராப்பகலாக அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. மரம் உள்ளே இழுத்த அதே கரியமில வாயுவை மண் வெளியே விடுகிறது.

"மண்ணுக்கு ஏது மாமா மூக்கு?" என்றுதானே கேட்கிறாய்? சபாஷ், கேட்க வேண்டிய கேள்விதான். மண்ணுக்கு மூக்கு இல்லை. மண்ணுக்குள் குடியிருப்பவர்கள் விடும் மூச்சைத்தான் மண்ணின் மூச்சு என்கிறோம்.

யார் அந்தக் குடியிருப்பவர்கள்? முதலில் வேர்கள். இலைக்கு வெயில் கிடைக்கிறது, அது சர்க்கரை செய்துகொள்கிறது. இருட்டில் இருக்கும் வேர் என்ன செய்யும்? இலை அனுப்புகிற சர்க்கரையைச் சாப்பிட்டுத்தான் வளர வேண்டும். சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்கும்போது கரியமில வாயு வெளியேறும். உனக்கும் எனக்கும் உடம்புக்குள் நடப்பது அதேதான்.

அடுத்தது பாக்டீரியாவும் பூஞ்சையும். ஒரே ஒரு தேக்கரண்டி மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். பூஞ்சைகளோ கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகளாக மண் முழுக்கப் பரவிக் கிடக்கும். உதிர்ந்த இலை, காய்ந்த குச்சி, செத்த வேர், செத்த பூச்சி, எல்லாம் இவர்களுக்குச் சாப்பாடு. மரவட்டை, கறையான், மண்புழு போன்றவர்கள் முதலில் வந்து பெரிய துண்டுகளைச் சின்னதாக்கிக் கொடுப்பார்கள்.

காட்டில் வருடா வருடம் இவ்வளவு இலை கொட்டுகிறதே, காடு ஏன் இலைக் குவியலுக்குள் மூழ்கிப் போகவில்லை என்று எப்போதாவது யோசித்திருக்கிறாயா? இவர்கள் தின்று தீர்ப்பதால்தான். தின்ற கார்பனில் ஒரு பங்கு அவர்கள் உடம்பாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கரியமில வாயுவாகி, மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடுக்குகள் வழியாக மேலே வருகிறது. அதனால் மண்ணுக்குள் அடைந்திருக்கும் காற்றில், நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதைப்போலப் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்குகூடக் கரியமில வாயு இருக்கும்.

இதுவரை புரிந்ததா? வேர் ஒரு பக்கம், நுண்ணுயிர்கள் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தது மண்ணின் மூச்சு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள். இனி ஒரு காட்டுக்குப் போவோம்.

உலகப் படத்தை எடுத்து விரித்து வை. கடகரேகை எங்கே இருக்கிறது? கண்டுபிடித்துவிட்டாயா? ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து அதன் மேலேயே விரலை வைத்துக் கிழக்கு நோக்கி நகர்த்து. சகாரா பாலைவனம் வரும். அதைத் தாண்டினால் அரேபியா, அதுவும் பாலைவனம். அட, இந்தக் கோடு முழுக்க மணல்தானா என்று சலிப்பு வரும்போது இந்தியாவின் நடுவே பச்சை தொடங்கும். இன்னும் நகர்த்து. சீனாவின் தெற்கே குவாங்டோங் மாகாணத்துக்கு வந்துவிடுவாய். அங்கே கடகரேகைக்குச் சற்றுத் தெற்கே டிங்ஹுஷான் என்ற மலைக்காடு இருக்கிறது.

ஒரே கோட்டில் அங்கே மணல், இங்கே அடர்ந்த காடு. எப்படி? பருவமழைதான் காரணம். கோடையில் கடலிலிருந்து ஈரக்காற்று வந்து கொட்டித் தீர்க்கிறது. டிங்ஹுஷானில் ஆண்டுக்குச் சுமார் 1,900 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடும்.

கடகரேகை, மகரரேகைகளை ஒட்டி இருக்கும் இப்படிப்பட்ட பகுதிகளைத் துணை வெப்பமண்டலம் என்பார்கள். நம்மைப்போல வருடம் முழுக்க வெக்கை இல்லை. அங்கே ஜூலை மாதம் சராசரியாக 28 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஜனவரியில் 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். ஸ்வெட்டர் வேண்டும்!

டிங்ஹுஷானுக்கு ஒரு பெருமை உண்டு. 1956-இல் சீனா தன் முதல் இயற்கைக் காப்பகமாக அறிவித்தது இதைத்தான். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே காவல் இருந்தது. மலையில் ஒரு பழைய பௌத்தக் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த காட்டில் கோடரி படாமல் பார்த்துக்கொண்டவர்கள் அங்கிருந்த துறவிகள். அதனால் ஏறத்தாழ 400 ஆண்டுகளாக அந்தப் பகுதி வெட்டப்படாமல் நிற்கிறது. நம் தேயிலைச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரம் அங்கே ஓங்கி வளர்ந்திருக்கிறது என்றால் நம்புவாயா?

அதே மலையில், கோயிலை விட்டுத் தள்ளி, மனிதர்கள் நட்டு வளர்த்த பைன் காடும் இருக்கிறது. அங்கே ஊர்க்காரர்கள் நெடுங்காலம் சருகையும் புதரையும் அடுப்புக்கு வாரிக்கொண்டு போனார்கள். நடுவே, பைனும் அகல இலை மரங்களும் கலந்து வளரும் கலப்புக் காடு ஒன்றும் உண்டு. ஆக ஒரே மலை, ஒரே மழை, வெவ்வேறு வயதில் மூன்று காடுகள். விஞ்ஞானிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஓடி வந்துவிட்டார்கள்.

மண்ணின் மூச்சை எப்படி அளப்பது? அது ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. ஒரு அகலமான பிளாஸ்டிக் குழாயிலிருந்து வளையமாக ஒரு துண்டு அறுத்து, தரையில் பாதி புதையும்படி பதித்துவிடுவார்கள். சில நாள் அப்படியே விட்டுவிடுவார்கள். ஏன் தெரியுமா? பதிக்கும்போது மண் கலைந்து வேர் அறுந்திருக்கும், அது அடங்க வேண்டும். பிறகு வந்து வளையத்தின் மேல் ஒரு மூடியைப் பொருத்துவார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றில் கரியமில வாயு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். எத்தனை நிமிடத்தில் எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் போதும், மண் எவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

அந்த ஏற்றத்தை ஒரு சின்னக் கருவி பார்த்துச் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களைக் கரியமில வாயு விழுங்கும். கருவி அந்தக் கதிரை ஒரு முனையிலிருந்து விட்டு, மறுமுனைக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்க்கும். குறைவாக வந்தால் நடுவே வாயு அதிகம் என்று பொருள். இந்தக் கருவியெல்லாம் இல்லாத காலத்திலும் அளந்தவர்கள் உண்டு. 1920-களில் சுவீடன் நாட்டின் ஹென்ரிக் லுண்டெகோர்டு மண்மேல் ஒரு கலத்தைக் கவிழ்த்துவைத்து, உள்ளே சேரும் வாயுவைக் காரக் கரைசலில் பிடித்து அளந்தார். எனக்கென்னவோ அந்தக் காலத்து வழிமுறைதான் பிடிக்கும். காரணம், அதே வேலையை நீயும் வீட்டில் செய்யலாம். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன், இப்போதே பக்கத்தைப் புரட்டாதே!

டிங்ஹுஷானில் மூடியை வைத்து மாதா மாதம் அளந்தபோது என்ன தெரிந்தது? மண் எல்லா மாதமும் ஒரே வேகத்தில் மூச்சு விடுவதில்லை. குளிர்காலத்தில் மெதுவாக, கோடையில் வேகமாக. சூடு ஏறினால் நுண்ணுயிர்களுக்கும் வேர்களுக்கும் சுறுசுறுப்பு ஏறும். பத்து டிகிரி கூடினால் மண்ணின் மூச்சு சுமார் இரண்டு மடங்காகும் என்று ஒரு பொதுவான கணக்கு உண்டு.

ஆனால் சூடு மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். காய்ந்து வறண்ட மண்ணில் பாக்டீரியா சுருண்டு படுத்துவிடும். சரி, நிறைய தண்ணீர் ஊற்றினால்? அதுவும் ஆகாது. இடுக்கெல்லாம் நீர் நிரம்பி, ஆக்சிஜன் உள்ளே போக வழியில்லாமல், கரியமில வாயு வெளியே வர வழியில்லாமல் ஆகிவிடும். சேறாகவும் இல்லாமல் தூசியாகவும் இல்லாமல் இருக்கும் மண்தான் நன்றாக மூச்சு விடும்.

இங்கேதான் தென்சீனக் காட்டின் விசேஷம். மத்தியதரைக் கடல் ஓரத்து நாடுகளில் கோடையில் சூடு இருக்கும், மழை இருக்காது. குளிர்காலத்தில் மழை இருக்கும், சூடு இருக்காது. டிங்ஹுஷானில் சூடும் மழையும் கைகோத்து ஒரே நேரத்தில் வருகின்றன. பாக்டீரியாக்களுக்கு அது பண்டிகைக் காலம்.

வேர் எவ்வளவு, நுண்ணுயிர் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியுமா? இந்தக் கேள்வி உனக்குத் தோன்றியிருந்தால் கையைக் கொடு, விஞ்ஞானிகளும் இதற்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். டிங்ஹுஷானை ஒரு நிமிடம் விட்டுவிட்டு வடக்கே, குளிர்ந்த சுவீடனுக்குப் போவோம். அங்கே ஒரு பைன் காட்டில், மரங்களைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்தெடுத்துவிட்டார்கள். பட்டைக்கு உள்பக்கம்தான் இலையிலிருந்து வேருக்குச் சர்க்கரை இறங்கும் பாதை. பாதை அறுந்ததும் வேருக்குச் சாப்பாடு நின்றது. மண்ணின் மூச்சு என்ன ஆனது? ஐந்தே நாளில் 37 சதவீதம் வரை குறைந்தது. ஓரிரு மாதத்தில் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. 2001-இல் இதை வெளியிட்டார்கள்.

அப்படியென்றால் இலை இன்றைக்குச் செய்த சர்க்கரை, சில நாளிலேயே மண்ணிலிருந்து வாயுவாக வெளியே வந்துவிடுகிறது! மரத்தின் தலையில் நடப்பது இவ்வளவு சீக்கிரம் காலடியில் தெரிந்துவிடும் என்று அதற்குமுன் பலர் எதிர்பார்க்கவில்லை.

மறுபடியும் டிங்ஹுஷான். இப்போது ஒரு புதிர். பைன் காட்டு மண், 400 வயதுக் காட்டு மண், இரண்டில் எது அதிகமாகக் கரியமில வாயுவை விடும்?

யோசி. அவசரமில்லை.

வயதான காடுதான்! அங்கே சருகு அதிகம், வேர் அதிகம், ஈரம் அதிகம், தின்னும் வாய்களும் அதிகம். "ஐயையோ, அப்படியானால் வயதான காடு காற்றுக்குக் கெடுதல் செய்கிறதா?" என்று பதறுகிறாயா? பதறாதே. இந்த இடத்தில் பெரியவர்களும் தடுமாறுவார்கள்.

மாலை மணி அடிக்கிறது. நீ பள்ளிக்கூட வாசலில் நின்று வெளியே வருகிற பிள்ளைகளை எண்ணுகிறாய் என்று வைத்துக்கொள். ஒரு பள்ளியிலிருந்து 80 பேர் வருகிறார்கள். பக்கத்துப் பெரிய பள்ளியிலிருந்து 800 பேர் வருகிறார்கள். "ஐயோ பாவம், பெரிய பள்ளி காலியாகப் போகிறது" என்பாயா? சிரிப்பாய்தானே? காலை மணிக்கு எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாது. காலையில் 810 பேர் போயிருந்தால், பத்துப் பேர் பள்ளி விடுதியில் தங்கிவிட்டார்கள். வெளியே வந்த கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடுதி நிறைகிறதே தவிரக் குறையவில்லை.

மண்ணும் அப்படித்தான். இலையாக, குச்சியாக, வேராக உள்ளே போகும் கார்பன் எவ்வளவு, மூச்சாக வெளியே வருவது எவ்வளவு, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூச்சை மட்டும் அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது பாதிக் கணக்கு.

வயதான காடுகளைப் பற்றி விஞ்ஞானிகளிடம் ஒரு பழைய எண்ணம் இருந்தது. அமெரிக்கச் சூழலியலாளர் யூஜீன் ஓடம் 1969-இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரை அதற்கு வலு சேர்த்தது. காடு முதிர்ந்துவிட்டால் வரவும் செலவும் சமமாகிவிடும், புதிதாக எதுவும் சேராது என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

சோ குவோயி என்ற சீன விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் டிங்ஹுஷானின் பழைய காட்டில் அதைச் சோதித்தார்கள். ஒருநாள் இரண்டு நாள் அல்ல. 1979 முதல் 2003 வரை மண்ணை எடுத்து எடுத்து வைத்திருந்த கணக்கு அவர்களிடம் இருந்தது. மேல்மண் 20 சென்டிமீட்டரில், 100 கிராமுக்குச் சுமார் 1.4 கிராம் இருந்த கார்பன், அந்த 24 ஆண்டுகளில் 2.35 கிராமாக ஏறியிருந்தது! ஏக்கர் கணக்கில் சொன்னால், ஆண்டுக்குச் சுமார் 250 கிலோ கார்பன் புதிதாகச் சேர்ந்தது. 2006-இல் இது வெளியானபோது பலருடைய புருவம் உயர்ந்தது.

அந்த மண் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்ததா? இல்லை, பலமாகவே விட்டது. இருந்தும் உள்ளே சேர்த்தது. மண்ணின் மூச்சு என்றாலே கெட்டது என்று இனி யாராவது சொன்னால், இந்தக் காட்டை அவர்களுக்குக் காட்டு.

சேரும் கார்பன் எங்கே ஒளிந்துகொள்ளும் தெரியுமா? தென்சீனத்து மண் செம்மண். இரும்புச் சத்து நிறைந்தது. பாக்டீரியா தின்று துப்பிய மிச்சமும், செத்த பாக்டீரியாவின் உடம்பும், களிமண்ணோடும் இரும்புத் துருவோடும் ஒட்டிக்கொள்ளும். சின்னச் சின்ன மண்கட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். அங்கே மற்ற பாக்டீரியாக்களால் எளிதில் எட்ட முடியாது. இப்படியே பல்லாண்டு காலம் கிடக்கும்.

இப்போது உலகக் கணக்குக்கு வருவோம், சுருக்கமாக. உலகத்து மண் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் விடும் கரியமில வாயு, நாம் நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து விடுவதைவிட ஏறத்தாழ எட்டு முதல் பத்து மடங்கு. "அப்படியானால் தப்பு மண்ணுடையதுதானே?" என்று யாராவது வம்புக்கு இழுப்பார்கள். நீ பதில் சொல்லிவிடுவாய், எனக்குத் தெரியும். மண் விடுவது காலையில் உள்ளே போய் மாலையில் வெளியே வரும் பிள்ளைகள். செடிகொடிகள் மறுபடி உள்ளே அழைத்துக்கொள்ளும். நிலக்கரியோ பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே விடுதியில் தங்கிவிட்டவர்கள். அவர்களை எழுப்பி நாம் வெளியே அனுப்புகிறோம், எல்லோரையும் திரும்ப உள்ளே சேர்க்க இடமில்லை. அதனால்தான் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 என்று இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

இதில் ஒரு கவலை மட்டும் இருக்கிறது. காற்று சூடானால் மண்ணும் சூடாகும். மண் சூடானால்? மேலே படித்ததை நினைவுபடுத்திக்கொள். ஆம், மூச்சு வேகமாகும். அமெரிக்காவில் ஹார்வர்டு காடு என்ற இடத்தில், 1991-இல் மண்ணுக்குள் மின்கம்பிகளைப் புதைத்து, சுற்றியிருக்கும் மண்ணைவிட ஐந்து டிகிரி சூடாகவே வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். முதல் பத்தாண்டில் கரியமில வாயு கூடியது. பிறகு அடங்கியது. "சரி, மண் பழகிவிட்டது" என்று நினைக்கும்போது மறுபடி கூடியது, மறுபடி அடங்கியது. எளிதில் கிடைக்கும் உணவு தீர்ந்ததும், கடினமான உணவைத் தின்னத் தெரிந்த நுண்ணுயிர்கள் தலையெடுத்தன என்று அவர்கள் விளக்குகிறார்கள். அது குளிர்நாட்டுக் காடு. துணை வெப்பமண்டலத்து மண் அப்படியே நடக்க வேண்டும் என்பதில்லை, ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு குணம் உண்டு. அதனால்தான் ஒவ்வொரு காட்டிலும் வளையம் பதித்து அளந்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன். அம்மாவையோ அப்பாவையோ துணைக்குக் கூப்பிடு.

ஒரு டம்ளர் தண்ணீரில் துளி வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து இரவு முழுக்க அசையாமல் வைக்கச் சொல். காலையில் மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் மெதுவாக வடித்துக்கொள்ள வேண்டும். இதுதான் சுண்ணாம்பு நீர். கண்ணில் படக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. கரியமில வாயு பட்டால் இதன் மேல் வெள்ளை ஆடை படியும், அசைத்தால் பால்போலக் கலங்கும்.

இறுக மூடும் கண்ணாடி பாட்டில்கள் மூன்று எடு, எல்லாம் ஒரே அளவில். முதல் பாட்டிலில், மரத்தடியிலிருந்து மக்கிய சருகோடு எடுத்த ஈரமண் இரண்டு கைப்பிடி. இரண்டாவதில் அதே மண்தான், ஆனால் பெரியவர்கள் இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்து ஆறவைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்தது. மூன்றாவதில் மண்ணே வேண்டாம். மூன்றுக்குள்ளும் ஒரு சின்ன மூடியில் சுண்ணாம்பு நீரை ஊற்றிச் சாயாமல் வை. இறுக மூடு. காலையும் மாலையும் வந்து பார்.

மண்ணே இல்லாத மூன்றாவது பாட்டில் எதற்கு? சாதாரணக் காற்றிலும் கொஞ்சம் கரியமில வாயு இருக்கிறதல்லவா? அது எவ்வளவு கலக்கும் என்று தெரிந்தால்தானே மண் செய்தது எவ்வளவு என்று சொல்ல முடியும்? வறுத்த மண்ணின் பாட்டிலைச் சில நாள் கழித்தும் ஒருமுறை பார். ஏதாவது மாற்றம் தெரிந்தால் ஏன் என்று நீயே கண்டுபிடி.

அது முடிந்ததும், வறுக்காத ஈரமண்ணை வைத்து இரண்டு பாட்டில் புதிதாகத் தயார் செய். ஒன்றை ஃபிரிட்ஜில் வை, இன்னொன்றைச் சமையலறை அலமாரியில் வை. எதில் முதலில் வெள்ளை படியும், ஏன்? பார்ப்பதற்கு முன்னால் உன் பதிலை நோட்டில் எழுதிவிடு. பார்த்த பிறகு அழித்துத் திருத்தக் கூடாது, ஆமாம்!